நவம்பர் கூட்டத்துக்கு எந்த இரத்தக்காட்டேரி?

சிங்கப்பூரில் கூடும் எங்கள் வாசிப்புக் குழு நவம்பரில் ஒரு திகில் கதையைப் படிப்பது என்று தீர்மானமாகியிருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். குழுவில் இருக்கும் கத்தோலிக்கர்கள் குடும்பத்தோடு சுவா சூ காங் போய்க் கல்லறையைத் துடைத்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரும் காலம் அது. அதையொட்டி, இறந்தும் இறவாதவர்களைப் பற்றிப் பேசலாமே என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. எந்தக் கதை என்பதில்தான் இழுபறி. ஐந்து பெயர்கள் வந்திருக்கின்றன: ஷெரிடன் லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ (1872), பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897), ஸ்டீபன் கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’ (1975), ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ (1976), மைக் ஃப்ளனகன் நெட்ஃபிளிக்ஸுக்காக எடுத்த ‘மிட்நைட் மாஸ்’ என்ற ஏழு பகுதித் தொடர் (2021). கடைசியாகச் சொன்னது நூலே அன்று. ஆனாலும் வாசிக்க நேரமில்லை என்பவர்கள் அதற்குத்தான் முதலில் கை தூக்குகிறார்கள்.

குழுவின் கலவையையும் சொல்லிவிட வேண்டும். பாதிப்பேர் சைவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் ஓஃபிர் சாலையில் எழுந்த லூர்து மாதா கோவிலுக்குத் தலைமுறைகளாகப் போய்வருகிறவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த தாதி ஒருவர், தமிழ் முஸ்லிம்கள் இருவர், எந்தச் சாமியையும் நம்பாத பொறியாளர் ஒருவர். இப்படிப்பட்ட மேசையில் பாவம், மன்னிப்பு, நற்கருணை என்று பேச்சு போகும்போது யாருக்கும் அலுக்கவும் கூடாது, யாருடைய மனமும் புண்படவும் கூடாது.

எது அதிகம் பயமுறுத்துகிறது, எது சிறியது, எதன் ஆங்கிலம் எளியது என்றெல்லாம் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நான் வேறொரு கேள்வியை வைத்துப் பார்த்தேன்: இந்தக் கதையில் யாராவது சிலுவையை நீட்டினால் என்ன நடக்கிறது? ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. பாவம் எங்கே இருக்கிறது, அதை யார் நீக்க முடியும் என்பதில் எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது அந்த விடையிலேயே தெரிந்துவிடுகிறது. முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை. கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு சந்தேகம். இரத்தம் குடிக்கும் பேய்க்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் பக்கத்துப் பேய்களுக்கு அந்தச் சம்பந்தம் இல்லை. மலாய்ப் பேயான பொந்தியானாக் பிரசவத்தில் இறந்துபோன பெண். கழுத்தில் ஆணியை இறக்கினால் அடங்கி மனுஷியாகிவிடுவாள், பிடுங்கினால் மீண்டும் பேய். 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், இங்கே பேய்ப் படங்களுக்கென்று ஒரு தனி மோகம் அதிலிருந்துதான் தொடங்கியது. நம் ஊர்க் காட்டேரியும் மோகினியும் ஏறக்குறைய அதே இனம்: அகால மரணம், நிறைவேறாத ஆசை, செய்யாமல் விட்ட சடங்கு. அவள் கெட்டவள் என்பதற்காகப் பேயானாள் என்று யாரும் சொல்வதில்லை. பாவம், அவளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

ஐரோப்பியக் கதையில் கணக்கு வேறு. அங்கே இரத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ‘மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது’ என்கிறது லேவியராகமம் 17:11; அதனாலேயே அதை மனிதன் குடிக்கக் கூடாது. யோவான் 6:54இல் இயேசு, தம் மாம்சத்தைப் புசித்துத் தம் இரத்தத்தைப் பானம்பண்ணுகிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு என்கிறார். கேட்டவர்களில் பலர் இது கடினமான உபதேசம் என்று விலகிப் போனதையும் அதே அதிகாரம் சொல்கிறது. இரத்தக்காட்டேரி இந்த வாக்குறுதியைத் தலைகீழாகத் திருப்புகிறது. அவர் பிறர் வாழத் தம் இரத்தத்தைக் கொடுத்தார். இது தான் வாழப் பிறர் இரத்தத்தை எடுக்கிறது. இரண்டும் சாவில்லாத வாழ்வைத் தருவதாகத்தான் சொல்கின்றன.

அழியாத உடலுக்கும் அங்கே இரட்டை அர்த்தம் உண்டு. முத்துக்குளித்துறையில் திருமுழுக்குக் கொடுத்த புனித சவேரியார் 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து புதைத்து, பிறகு தோண்டியெடுத்து கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். உடல் கெடாமல் இருந்தது என்பது அவருடைய புனிதத்துக்குச் சான்றாகச் சொல்லப்பட்டது. கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் அதே அடையாளம் தெரிந்த சடலத்துக்கு மார்பில் கூர்முளை. பெனடிக்டைன் துறவி ஓகுஸ்தேன் கல்மே இத்தகைய செய்திகளைத் திரட்டி 1746இல் ஒரு நூலே எழுதினார். 1755இல் பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிணங்களைத் தோண்டிக் குத்தும் வழக்கத்தைத் தடை செய்தார்.

சிங்கப்பூரில் அந்தத் தடைக்கே தேவை எழாது. 1998இலிருந்து புதைகுழிக்கு 15 ஆண்டுதான் கெடு, அதன்பின் தோண்டியெடுத்துவிடுவார்கள். நானூறு ஆண்டு சவப்பெட்டியில் படுத்திருக்கும் திட்டமுள்ள எந்தப் பிரபுவும் இந்த ஊரில் கட்டுப்படியாக மாட்டார். குழுவில் இருவர் குடியிருக்கும் பிடாடாரிப் பேட்டையே பழைய கல்லறை நிலம்.

சரி, ஒவ்வொன்றாக.

‘கார்மில்லா’வை விரைவாக முடித்துவிடலாம். குறுநாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஸ்டிரியா நாட்டுப்புற மாளிகையில் தனியாக வளரும் லாரா, விருந்தாளியாக வந்து தங்கும் அழகிய பெண் கார்மில்லா, இருவருக்கும் இடையே பிரியமும் அருவருப்பும் பிரிக்க முடியாமல் கலந்த உறவு. மத விஷயத்தில் ஒரே ஒரு காட்சி எனக்கு மறக்காது. ஊர்ப் பெண் ஒருத்தியின் சவ ஊர்வலம் கடந்து போகிறது, எல்லோரும் துதிப்பாடல் பாடுகிறார்கள், லாராவும் எழுந்து நின்று சேர்ந்து பாடுகிறாள். கார்மில்லாவுக்கு அந்தப் பாட்டு காதில் குத்துகிறது. முகம் கறுத்து, பல்லைக் கடித்து நடுங்குகிறாள். பிறகு லாராவின் அப்பா எல்லாம் படைத்தவர் கையில் என்னும்போது, படைத்தவராவது, எல்லாம் இயற்கை என்று சீறுகிறாள். லெ ஃபனு அயர்லாந்துத் திருச்சபைப் பாதிரியாரின் மகன், ஆனால் அந்தப் பொறியை அவர் ஊதிப் பெருக்கவில்லை. முடிவில் கல்லறையைத் திறந்து வேலையை முடிக்க வருவது முறைப்படி அமைந்த அரசு ஆணையம். மருத்துவர்கள் உடனிருக்கிறார்கள், அறிக்கை எழுதப்படுகிறது. பாவம் என்ற கேள்வி கோப்பில் மூடப்படுகிறது. நல்ல கதைதான், ஆனால் நாம் பேச வந்த விஷயத்துக்குத் தீனி குறைவு.

‘டிராகுலா’வில் கதை நேர்மாறு. முதல் அத்தியாயத்திலேயே சிலுவை வந்துவிடுகிறது. பிஸ்ட்ரிட்ஸ் விடுதியில், புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தைய நாள், டிராகுலாவின் கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கும் இளம் வழக்கறிஞன் ஜோனத்தன் ஹார்க்கரின் கழுத்தில் ஒரு கிழவி ஜெபமாலையை மாட்டுகிறாள். அவனுக்குச் சங்கடம். இங்கிலாந்துத் திருச்சபையில் வளர்ந்தவன். இதெல்லாம் சிலை வணக்கத்தின் சாயல் என்று கற்பிக்கப்பட்டவன். மறுப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறான். பிறகு அதுதான் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. எழுதியவர் டப்ளின் புராட்டஸ்டன்ட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தச் சங்கடம் இன்னும் ருசிக்கும்.

பிறகு டிராகுலாவை வேட்டையாடும் டச்சு மருத்துவர் வான் ஹெல்சிங் வருகிறார், பையில் நற்கருணை அப்பத்தோடு, அதாவது திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பத்தோடு. 16ஆம் அத்தியாயத்தில் அவர் அதைப் பொடித்து, சாந்தோடு பிசைந்து, டிராகுலாவின் கடியால் இறந்து இரத்தக்காட்டேரியான லூசியின் கல்லறைக் கதவிடுக்குகளில் அப்புகிறார். கேட்டால், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொண்டுவந்தேன், அதற்கு எனக்குப் பலன் (இண்டல்ஜென்ஸ்) அனுமதி இருக்கிறது என்கிறார். எங்கள் மறைக்கல்வி ஆசிரியை இந்த வரியைப் படித்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தண்டனையைக் குறைப்பது. நற்கருணையைக் கொத்தனார் சாந்தாக்க எந்தத் திருத்தந்தையும் அதைக் கொண்டு அனுமதி தர முடியாது. ஸ்டோக்கருக்குக் கத்தோலிக்கம் வெளியிலிருந்து பார்த்த பழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பிழைக்குள் ஒரு தெளிவான கொள்கை இருக்கிறது. இந்த நாவலில் புனிதப் பொருள் தன்னளவில் வேலை செய்கிறது. பிடித்திருப்பவன் கத்தோலிக்கனா, அரைகுறை நம்பிக்கையுள்ள மருத்துவனா, டெக்சஸிலிருந்து வந்த அமெரிக்கனா என்று அது பார்ப்பதில்லை. அதனாலேயே 22ஆம் அத்தியாயத்தில் அந்த விபத்து நடக்கிறது. முந்தைய அத்தியாயத்தில் டிராகுலா ஹார்க்கரின் மனைவி மினாவைப் பிடித்து, தன் மார்பைக் கீறி, அந்த இரத்தத்தைக் குடிக்கவைத்திருக்கிறான். அவளைக் காப்பதற்காக வான் ஹெல்சிங் அவள் நெற்றியில் அப்பத்தைத் தொட்டு ஆசீர்வதிக்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு பட்டதுபோல் நெற்றி வெந்துவிடுகிறது. மினா தரையில் விழுந்து, லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தின் குஷ்டரோகியைப்போல ‘தீட்டு, தீட்டு’ என்று கதறுகிறாள். சர்வவல்லவரே தன் உடலை ஒதுக்குகிறார், நியாயத்தீர்ப்பு நாள் வரை இந்த அடையாளத்தைச் சுமக்க வேண்டும் என்கிறாள்.

அவள் என்ன தப்புச் செய்தாள்? இந்த ஒரு கேள்விக்காகவே நூலைப் படிக்கலாம். சாவான பாவத்துக்குக் கத்தோலிக்க மறைக்கல்வி மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்ய வேண்டும், மனமுவந்து செய்ய வேண்டும். மினாவுக்குப் பின்னிரண்டும் இல்லை. ஆனால் அவளே தன் வாக்குமூலத்தில் ஒரு விசித்திரமான சொல்லைச் சொல்கிறாள்: அவனைத் தடுக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லை, அதுவும் இந்தச் சாபத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். வன்முறைக்கு ஆளானவர் பிறகு தன்னையே சந்தேகிக்கும் குரல் அது. அப்பம் அவளைச் சுட்டது கடவுளின் தீர்ப்பா, அல்லது உள்ளே ஏறிய நஞ்சை அடையாளம் காட்டும் கருவி மட்டும்தானா? தீட்டும் பாவமும் ஒன்றா?

மூன்று நாள் கோவிலுக்கு வராதே, பூஜையறைப் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்த பெண்கள் எங்கள் குழுவில் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு என்று ஒதுங்கியிருந்தவர்களும் உண்டு. அவர்கள் யாரும் அதைப் பாவம் என்று நினைத்ததில்லை, ஆனால் பாவியைப்போல நடத்தப்பட்டிருக்கிறார்கள். மினாவின் நெற்றியைப் பற்றிப் பேச அவர்களுக்கு எந்த மறைக்கல்வியும் தேவைப்படாது.

இன்னும் இரண்டு இடங்களை விட்டுவிட முடியாது. 22ஆம் அத்தியாயத்தில் ஹார்க்கர் தன் நாட்குறிப்பில், மினா அப்படி ஆகித்தான் தீர வேண்டும் என்றால் அந்தப் பயங்கர தேசத்துக்கு அவள் தனியாகப் போக மாட்டாள் என்று எழுதுகிறான். பொருள் என்னவென்றால், அவளோடு நரகத்துக்கும் போவேன். இது காதலா, ஆன்மாவை விற்பதா? அடுத்த அத்தியாயத்தில், டிராகுலாவை நித்திய நரகத்துக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புவேன் என்று அவன் கொதிக்கும்போது மினா தடுக்கிறாள். இத்தனை துன்பமும் செய்த அந்த ஆன்மாதான் எல்லோரிலும் இரங்கத்தக்கது என்கிறாள். நெற்றியில் சூடுபட்டவள் அதைச் சொல்கிறாள். சுடாத நெற்றிக்காரர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

குறைகள் உண்டு. 27 அத்தியாயங்கள், நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாக. நடுவில் விட்பி கடற்கரைக் கிழவரின் வட்டார வழக்குப் பேச்சு பொறுமையைச் சோதிக்கும். வான் ஹெல்சிங்கின் உடைந்த ஆங்கிலம் இன்னும் மோசம். ஆனால் காப்புரிமை முடிந்த நூல் என்பதால் குட்டன்பர்க் திட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் எம்ஆர்டியிலேயே பாதி முடிந்துவிடும்.

‘சேலம்ஸ் லாட்’ எழுத உட்கார்ந்தபோது கிங் இதே நூலைத் தான் வாழும் மாநிலத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்: மெய்ன் மாநிலத்துச் சிறு ஊர், டிராகுலாவின் இடத்தில் பார்லோ. சிலுவை மட்டும் வேறு விதமாக வேலை செய்கிறது. பயங்கரப் பொம்மைகள் சேர்க்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மார்க், பொம்மைக் கல்லறையிலிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் சிலுவையால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நண்பனின் பிணத்தை விரட்டுகிறான். இன்னொரு இடத்தில், தொண்டையைச் சோதிக்க நாக்கை அழுத்தும் மரக்குச்சிகள் இரண்டை ஒட்டிச் சிலுவையாக்கி, ஜெபம் சொன்னதும் அது ஒளிர்கிறது. ஆனால் பங்குத்தந்தை கேலஹனின் சிலுவை அணைந்துபோகிறது.

அந்தக் காட்சிதான் நாவலின் உச்சம். பார்லோ சிறுவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கேலஹனின் கையில் ஒளிரும் சிலுவை. ஒப்பந்தம்: சிறுவனை விடுகிறேன், நீயும் சிலுவையை எறிந்துவிட்டு உன் விசுவாசத்தோடு மட்டும் என் முன் நில். கேலஹன் சரி என்கிறார். சிறுவன் விடுபட்டு ஓடுகிறான். இப்போது எறிய வேண்டும். அவரால் முடியவில்லை. எறியாமல் பிடித்துக்கொள்ளப் பிடித்துக்கொள்ள ஒளி மங்குகிறது, வெறும் உலோகமாகிறது, பார்லோ எளிதாகப் பிடுங்கிக்கொள்கிறான். பிறகு மினாவுக்கு நடந்ததே இவருக்கும் நடக்கிறது. வலுக்கட்டாயமாக அவன் இரத்தத்தைக் குடிக்கவைக்கப்படுகிறார். தன் கோவிலுக்கு ஓடிக் கதவைத் தொட்டால் கை கருகுகிறது. பஸ் ஏறி ஊரைவிட்டே போய்விடுகிறார்.

நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையைப் பிளந்த சண்டை இதுவேதான். பேரரசர் தியோக்கிளேசியன் காலத்துத் துன்புறுத்தலில் பயந்து வேதநூல்களைக் கையளித்துவிட்ட குருக்கள் கொடுத்த அருளடையாளம், அதாவது திருமுழுக்கு போன்ற சடங்கு, செல்லுமா என்று கேட்டார்கள். செல்லாது என்றவர்கள் தொனாத்தியர்கள். செல்லும், ஏனென்றால் கொடுப்பவர் கிறிஸ்து, குரு வெறும் கை என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் அகுஸ்தீன். வான் ஹெல்சிங்கின் அப்பம் அகுஸ்தீன் பக்கம் நிற்கிறது. கேலஹனின் சிலுவை, கொடுப்பவரின் உள்ளத்தைக் கேட்பதால், தொனாத்தியர் பக்கம் சாய்கிறது. விசுவாசம் மட்டுமே என்று வளர்ந்த மெதடிஸ்ட் தாதி, இது தொனாத்தியம் இல்லை, எங்கள் பிரசங்கம் என்று சொல்லக்கூடும். அந்த வாதத்தைக் கேட்க எனக்கு ஆசை.

கிங்கைப் பற்றி ஒரு வருத்தம் மட்டும். கேலஹன் தோற்பதற்கு அவர் குடிப்பழக்கத்தையும் சோர்வையும் முன்பே அடுக்கி வைத்துவிடுகிறார். பலவீனமான சாமியார் தோற்பது வியப்பில்லை. நல்ல குரு ஒருவர் அந்த நொடியில் தோற்றிருந்தால் கதை இன்னும் குளிர்ந்திருக்கும். நாவல் பெரியது, பாதி வரை ஊர்க்காரர்களின் திருட்டுத்தனங்களும் வீட்டு வன்முறையும்தான் ஓடுகின்றன. ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு: பார்லோ வருவதற்கு முன்பே அந்த ஊர் அழுகியிருக்கிறது.

ஆன் ரைஸிடம் வந்தால் சிலுவைக்கு எந்தச் சக்தியும் இல்லை. தன் கதையைச் சொல்லும் இரத்தக்காட்டேரி லூயி, பேட்டி எடுப்பவனிடம், சிலுவைகளைப் பார்க்கத் தனக்குப் பிடிக்கும் என்றே சொல்கிறான். பயப்பட எதுவும் இல்லாததுதான் அவனுடைய துயரம். நியூ ஆர்லியன்ஸ் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்த் தன் கொலைகளைச் சொல்கிறான். கேலி செய்கிறான் என்று குரு நினைக்கிறார். அந்தக் குருவையே கொன்றுவிடுகிறான். பிறகு பாரிஸில், நானூறு ஆண்டு வாழ்ந்த இரத்தக்காட்டேரி அர்மாந்திடம், கடவுளைப் பற்றியோ சாத்தானைப் பற்றியோ ஏதாவது தெரியுமா என்று கேட்கிறான். ஒன்றும் தெரியாது என்கிறான் அர்மாந்த். லூயி உடைந்துபோகிறான். தண்டிக்க யாரும் இல்லையென்றால் மன்னிக்கவும் யாரும் இல்லை. செய்த கொலை மட்டும் செய்ததாகவே இருக்கும்.

ரைஸின் மகள் 1972இல் இரத்தப் புற்றுநோயால் ஆறு வயது நிறைவதற்குள் இறந்தாள். நாவலில் ஐந்து வயதில் இரத்தக்காட்டேரியாக்கப்பட்டு, மனம் முதிர முதிர உடல் மட்டும் வளராமல் நின்றுவிடும் கிளாடியாவை அதோடு சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியாது. 1998இல் அவர் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார், 2010இல் கிறிஸ்தவத்தை விட்டு விலகுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். நாவல் அந்த ஊசலாட்டத்தின் முதல் வீச்சு. ஐந்தில் இதன் நடைதான் செழிப்பானது. கதை நகர்வதோ ஆமை. தனியே படிப்பவர்களுக்கு, அதுவும் நம்பிக்கையை இழந்துவிட்டு அதன் நினைவை இழக்காதவர்களுக்கு, இதைத்தான் சொல்வேன். குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை மேசையில் உட்காரவைத்துக்கொண்டு கிளாடியாவைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. அவர் ஆட்சேபிக்க மாட்டார், அதனால்தான் நானே சொல்கிறேன்.

‘மிட்நைட் மாஸ்’ இவர்கள் யாரும் போகாத இடத்துக்குப் போகிறது. அங்கே தீமை திருப்பலிப் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. சிறு மீன்பிடித் தீவுக்கு வரும் பாதர் பால், பாலைவனத்தில் தன்னைக் கடித்து இளமையாக்கிய உயிரினத்தை வானதூதர் என்று உண்மையாகவே நம்புகிறார்; அதன் இரத்தத்தை நற்கருணை இரசத்தில் கலக்கிறார். முடம் நடக்கிறது, கிழவர்கள் நிமிர்கிறார்கள், கோவில் நிரம்புகிறது. வாம்பயர் என்ற பேச்சே ஏழு பகுதியிலும் எழுவதில்லை. பைபிளில் வானதூதரைக் கண்டவர்கள் எல்லாம் பயந்தார்கள் இல்லையா, ஆகவே பயங்கரமாக இருப்பதே அடையாளம் என்று வாதம் போகிறது. ஒவ்வொரு அநியாயத்துக்கும் ஒரு வசனம் கையில் வைத்திருக்கும் பெவ் கீன் என்ற பெண்மணியை எல்லா மதத்தவர்களும் தங்கள் கோவில் கமிட்டியில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பாவ மன்னிப்பைப் பற்றியும் இதில் கனமான பகுதி உண்டு. குடித்துவிட்டு வண்டியோட்டி ஒரு பெண்ணைக் கொன்ற ரைலி, சிறை முடிந்து வந்தும் தூக்கத்தில் அவளைப் பார்க்கிறான். அவன் எடுக்கும் முடிவு, நடுக்கடலில் படகில் சூரியனை எதிர்கொள்வது, ஐந்து கதைகளிலும் தெளிவான தியாகம்.

நம் ஊருக்குப் பொருத்தமான இன்னொரு இழையும் இருக்கிறது. தீவின் ஷெரிஃப் ஹசன் ஒரு முஸ்லிம். அரசுப் பள்ளியில் பைபிள் விநியோகித்ததைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் நிதானமாகக் கேள்வி எழுப்புகிறார். அவரைச் சுற்றியிருப்பவர்களின் புன்னகை இறுகுகிறது. 1990இலேயே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இயற்றிய நாட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்ப்பது தனி அனுபவம்.

ஆனாலும் இதற்கு என் ஓட்டு இல்லை. பாத்திரங்கள் மூச்சுவிடாமல் தத்துவம் பேசுகிறார்கள். எழுத்தில் இருந்தால் தாண்டிப் படிக்கலாம், திரையில் முடியாது. ஏழு பகுதியையும் எல்லோரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்ததாகச் சொல்வார்கள். முக்கியமாக, நற்கருணையில் இரத்தம் கலக்கும் காட்சி தினமும் பூசைக்குப் போகிறவரை எப்படித் தாக்கும் என்பதை மற்றவர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள். பேச்சும் மதம் என்றாலே இப்படித்தான் என்ற சுலபமான முடிவுக்குச் சரிந்துவிடும், பொறியாளர் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவார். தொடர் அதைச் சொல்லவில்லை. கடைசியில் ஹசனும் மகனும் கடற்கரையில் தொழுகையில் இருக்கிறார்கள், தீவுக்காரர்கள் துதிப்பாடல் பாடுகிறார்கள், சூரியன் உதிக்கிறது. இருந்தாலும் ஒரு மாலைக்குள் அந்த நுணுக்கத்தைக் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே என் ஓட்டு ‘டிராகுலா’வுக்கு. இறையியல் அதில்தான் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக இல்லை. அதில்தான் பிழைகள் அதிகம். மினாவின் நெற்றியைப் பற்றிப் பேச எந்த மதமும் தேவையில்லை, எந்த மதம் இருந்தாலும் அது கூடுதலாகக் கை கொடுக்கும். ‘சேலம்ஸ் லாட்’ இதற்கு மிக அருகில் வருகிறது, ஆனால் அதன் கேள்வி விசுவாசம் உள்ளவனின் கேள்வி. கேலஹன் என்ன இழந்தார் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முழுதாக வலிக்கும். கிறிஸ்தவர்கள் மட்டும் கூடும் குழுவாக இருந்தால் தயங்காமல் அதையே சொல்லியிருப்பேன். இப்போதைக்கு அந்தக் காட்சியை மட்டும் சேர்த்துப் படிக்கலாம்: கட்டாயமாக இரத்தம் புகட்டப்பட்ட இருவர், ஒருத்தியைச் சுற்றி நண்பர்கள் நின்றார்கள், ஒருவர் தனியாகப் பஸ் ஏறினார்.

இரண்டு கூட்டங்களாகப் பிரிப்பது நல்லது. முதலாவதற்கு 16ஆம் அத்தியாயம் வரை. விட்பி கிழவரின் பேச்சைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் அனுமதி. இரண்டாவதற்கு மீதி. அதில் 25ஆம் அத்தியாயத்தை யாராவது உரக்கப் படிக்க வேண்டும். மினா உயிரோடு இருக்கும்போதே தனக்காக அடக்க ஆராதனையை வாசிக்கச் சொல்ல, ஹார்க்கர் அதைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் இடம். மறைக்கல்வி ஆசிரியை அக்காவைக் கேட்டிருக்கிறேன். நற்கருணையைச் சாந்தாகப் பிசைந்தவனின் கதைக்குத் தன் குரலைக் கொடுப்பதா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.